ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

(சிலாபத்தில் நடந்த கிளைக் கூட்டத்தில் மாதர் பிரிவுத் தோழி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாகச் சம்பளம், செக்ரோல், ஈ.பி.எஃப். பற்றித்தான் பேசுவோம். இன்றைக்கு என் கழுத்தில் இருக்கிற இந்தத் தழும்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் கடைசியில் சம்பளத்தில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கழுத்தின் முன்பக்கத்தில் தைரொயிட் சுரப்பி இருப்பது பலருக்குத் தெரியும். அதன் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பொதுவாக நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சோற்றுப் பருக்கை அளவுதான். பாராதைரொயிட் என்பார்கள். பெயர் ஒட்டியிருந்தாலும் வேலை வேறு. இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் எலும்பில் இருப்பதை எடுத்து இரத்தத்தில் விடுவது இவற்றின் வேலை. ஒன்றில் கட்டி வந்துவிட்டால் அது எடுப்பதை நிறுத்தாது. இந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. ஆனாலும் எலும்பு கரைகிறது, இரத்தத்தில் கல்சியம் ஏறுகிறது, சிறுநீரகத்தில் கல் விழுகிறது.

எலும்பு நோவு, அசதி, தாகம், மலச்சிக்கல், மனச்சோர்வு, இவைதான் அறிகுறிகள். ஒன்றையாவது எடுத்து வெளியில் காட்ட முடியுமா? காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், வெட்டுக்காயம் என்றால் இரத்தம் தெரியும். இந்த நோய்க்காரி அலவாங்கு நட்ட இடத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகத் தேங்காய் உரித்தால் அவளுக்குக் கிடைக்கிற பட்டம் சோம்பேறி. நான் அப்போது வேலை செய்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பட்டத்தை ஒன்றரை வருஷம் சுமந்தேன் என்பது மட்டும் போதும்.

இன்னொன்று. நம்முடைய பக்கத்தில் தண்ணீர் கடினம். வண்ணாத்திவில்லுப் பக்கம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அருவக்காட்டில் வெட்டித்தான் புத்தளம் சிமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகிறார்கள். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவதைப் பார்த்து, கல் வந்தவர்களெல்லாம் கிணற்றைத்தான் குற்றம் சொல்கிறோம். தண்ணீரில் கல்சியம் கூடினால் நல்ல உடம்பு அதை வெளியே தள்ளிவிடும். இரத்தத்தில் கல்சியம் ஏறி நிற்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கல் இரண்டாம் முறையும் வந்தவர்கள் கிளினிக்கில் "கல்சியம் பார்த்தீர்களா, டொக்டர்?" என்று வாய் திறந்து கேளுங்கள். வழமையான அளவு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை. ஒரு சின்ன இரத்தப் பரிசோதனைதான்.

இந்த நோய்க்கு முதன்முதலில் ஒப்பரேஷன் செய்துகொண்டவரும் ஒரு தொழிலாளிதான். ஆல்பேர்ட் யானே என்பவர், வியன்னா நகரத்தில் ட்ராம் வண்டியில் கொண்டக்டர். எலும்பு உடைந்து நடக்க முடியாமல் கிடந்தார். அப்போது டொக்டர்கள் நினைத்தது, இந்தச் சுரப்பி போதவில்லை என்று. பீலிக்ஸ் மண்டல் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் சுரப்பிச் சாறு கொடுத்தார், பிறகு இறந்த ஒருவரின் சுரப்பியைக்கூட அவருக்கு ஒட்டவைத்துப் பார்த்தார். பலன் இல்லை. 1925இல் கழுத்தைத் திறந்து கட்டியை எடுத்த பிறகுதான் நோவு குறைந்து, கம்பை ஊன்றி நடந்தார். சில வருஷங்களில் நோய் திரும்பவும் வந்தது. அதனால்தான் இன்றைக்கும் ஆறு மாதம் கழித்துக் கல்சியம் சரியாக இருந்தால்தான் சுகம் என்று எழுதுகிறார்கள். அதற்குப் பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள்.

ஒப்பரேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுத்தார்கள், எழும்பினேன், தொண்டை நொந்தது. நமது நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை. அதைப் போராடிக் காப்பாற்றியவர்களை நினைத்துக்கொள்கிறேன். எனக்குச் சொல்ல வேண்டியது, கொழும்பில் பஸ் ஏறியதற்குப் பிறகு நடப்பது.

கட்டி சும்மா இருக்காமல் வேலை செய்ததால் மற்ற மூன்று சுரப்பிகளும் தூங்கிப்போயிருக்கும். கட்டியை எடுத்த அன்றைக்கே அவை விழித்துக்கொள்ளாது. அதே நேரத்தில் பசித்துக் கிடந்த எலும்பு இரத்தத்தில் இருக்கிற கல்சியத்தை இழுக்கத் தொடங்கும். டொக்டர்மார் இதற்கு வைத்திருக்கிற பெயரே 'பசித்த எலும்பு' என்பதுதான். கல்சியம் அதிகம் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை. அந்த நேரம் பலர் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வார்டில் மணி அடித்தால் நேர்ஸ் வருவார். கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டத்து லயத்தில் யார் வருவார்?

முதலில் உதட்டைச் சுற்றி ஊசி குத்துவது போல விறுவிறுக்கும். விரல் நுனி, கால் விரல் மரக்கும். பிறகு கெண்டைக்கால் பிடிக்கும். இன்னும் இறங்கினால் கை மணிக்கட்டில் மடங்கி விரல்கள் கூம்பிக்கொள்ளும், திறக்க முடியாது. என் மாமியார் அதைப் பார்த்து வாதம் என்றார், பக்கத்து வீட்டு அக்கா கண்ணூறு என்றார். என் மகள் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, அதில் டொக்டர் எழுதியிருந்த மேலதிக மாத்திரையைக் கொடுத்துவிட்டு முச்சக்கர வண்டியைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை அன்றைக்குச் செய்ததுதான் சரி. விறுவிறுப்பு மட்டும் என்றால் எழுதியிருக்கிறபடி மாத்திரை. குறையவில்லை, கை மடங்குகிறது, வலிப்பு வருகிறது என்றால் ஆஸ்பத்திரி. அங்கே நாளத்தில் கல்சியம் ஏற்றினால் சீக்கிரமே கை திறக்கும். வண்டி இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய வரும், காசு இல்லை. கழுத்து வீங்கி மூச்சு முட்டினால் மாத்திரை, தைலம் ஒன்றும் பார்க்க வேண்டாம், அந்த நிமிடமே புறப்பட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தபோது மருத்துவிச்சி அம்மா கொடுத்த கல்சியம் லக்டேட் மிச்சம் இருக்கும். 'இதுவும் கல்சியம்தானே' என்று மாற்றிப் போடுகிறோம். லக்டேட்டில் நூற்றுக்கு 13 பங்குதான் கல்சியம். கல்சியம் காபனேட்டில் 40 பங்கு. வெள்ளை நிறம் ஒன்றுதான், கணக்கு வேறு. ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை, வெளியில் வாங்கச் சொன்னால், துண்டில் உள்ள பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாங்குங்கள். காபனேட்டைச் சாப்பாட்டோடு போட வேண்டும். தைரொக்சின், இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல் போடுகிறவர்கள் அதை டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அது கல்சியம் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். விற்றமின் டி மாத்திரையும் தந்திருப்பார்கள். அது கல்சியத்தை உள்ளே இழுக்கிற கை. நல்லது என்று நினைத்து இரட்டிப்பாகப் போடுவதும் ஆபத்து. வாந்தி, கடும் தாகம், தடுமாற்றம் வந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள்.

பத்தியம் பற்றிப் பேசாமல் விட முடியாது. வெட்டுக்காயம் உள்ள உடம்பு, கிரந்தி என்று சொல்லி மீன் இல்லை, கருவாடு இல்லை, முட்டை இல்லை, வெறும் சோறும் ரசமும். பெரியவர்கள் அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் எலும்பு பசியோடு கிடக்கிற நேரத்தில் நாம் சட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். தொண்டை நோகிற முதல் இரண்டு நாள் கஞ்சி குடியுங்கள். பிறகு முள்ளோடு மெல்லக்கூடிய நெத்தலி, தயிர், முருங்கைக்கீரை, எல்லாம் சாப்பிடலாம். நெத்தலிக்கு நாம் எங்கே போக வேண்டும், கடல் வாசலில்தானே இருக்கிறது!

குரல் கம்மிப்போகலாம். பல பேருக்குச் சில வாரத்தில் திரும்பும். திரும்பாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள், குரல் நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் போகிறது. காயத்தில் வெயில் படாமல் துணி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை. தழும்பு விரலளவுதான், ஒரு வாரத்தில் ஒட்டிவிடும். அதைப் பார்த்துவிட்டு 'ஆறிவிட்டதே, நாளைக்கு வரலாமே' என்கிறார்கள். இரண்டு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். தேங்காய்ச் சாக்கும், ஊறின மட்டைக் கட்டும், தண்ணீர்க் குடமும் பாரம்தான். எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்கு அது இறுக மாதக்கணக்கு, வருஷம்கூட ஆகும். விழுந்தால் உடையும். உரிக்கிற காய்க்குக் கூலி வாங்குகிறவள் வீட்டில் இருந்தால் அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் இல்லை. அதனால்தான் விறுவிறுக்கிற கையோடும் அலவாங்குக்கு முன்னால் போய் நிற்கிறாள். ஆஸ்பத்திரி தன் பங்கைச் செய்துவிட்டது. மிச்சம் நம்முடைய பங்கு.

ஆகவே கிளைக் குழுவிடம் நான் கேட்பது இவை. துண்டு வெட்டும்போது 'ரெஸ்ட்' என்று வாயால் சொன்னால் போதாது, எத்தனை நாள், பிறகு எவ்வளவு காலம் இலேசான வேலை என்று டொக்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். அதன் பிரதி ஒன்று நிர்வாகத்துக்கு, ஒன்று கிளைச் செயலாளருக்கு. இலேசான வேலை எந்தத் தோட்டத்திலும் இருக்கிறது. நாற்றுமேடையில் தண்ணீர் ஊற்றலாம், காய் எண்ணலாம். தும்பு ஆலைத் தூசிக்குள் மட்டும் புதுக்காயத்தோடு அனுப்பக் கூடாது. செக்ரோலில் பெயரை வெட்டினால் தாமதிக்காமல் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு போக வேண்டும். கிளை நிதியிலிருந்து இரத்தப் பரிசோதனைக்குப் போய்வர பஸ் காசு கொடுக்க வேண்டும். பெரிய தொகை கேட்கவில்லை. நானே இரண்டு தடவை பஸ் காசு இல்லாமல்தான் கிளினிக்கைத் தவறவிடப் பார்த்தேன், இந்த மண்டபத்தில் இருக்கிற ஒரு தோழி தந்தார். பெயர் சொன்னால் கோபிப்பார்.

டயலிசிஸ் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இந்தச் சுரப்பி பெருக்கும். அது வேறு கணக்கு, மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் வேறு. நான் சொன்ன நெத்தலியையும் தயிரையும் அவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவர்களுடைய டொக்டரிடம் கேளுங்கள்.

கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்திருக்கிறவர்கள் தேநீர் இடைவேளையில் ஜன்னல் பக்கம் வாருங்கள். என் மகளும் வந்திருக்கிறாள், மாத்திரைப் பெயர்களை அவள் வாசித்துச் சொல்வாள்.