நாற்காலி உண்டு, ஓட்டு இல்லை

(தென்காசியில் நடந்த அரசியல் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசாப் படித்துவிட்டுப் பகிருங்கள் தோழர்களே.)



குற்றாலத்துல தண்ணி விழுற நேரத்துல கூட்டம் போட்டிருக்கோம். அருவிக்குப் போகாம இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க. அதுக்கே தனியா ஒரு நன்றி சொல்லணும்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு கொஞ்சம் வறண்ட தலைப்பு. 'சர்வதேச நாடாளுமன்ற அமைப்புகளில் உறுப்பினர் அல்லாத நாடுகளின் இடம்.' கேட்டதும் கொட்டாவி வரும். இந்தத் தலைப்பு வந்ததே ஒரு தம்பி கேட்ட கேள்வியால்தான். "அண்ணே, நம்ம எம்.பி.க்கள் குழு ஏதோ வெளிநாட்டு நாடாளுமன்ற மாநாட்டுக்குப் போனதா செய்தி போடுறாங்க. அந்த அமைப்புல இந்தியா உறுப்பினரே இல்லைன்னும் போடுறாங்க. உறுப்பினர் இல்லாத இடத்துல நமக்கு என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

குற்றாலத்தையே எடுத்துக்கிடுவோம். சீசனுக்கு வருகிற கூட்டத்துக்கு அந்தப் பேரூராட்சியில ஓட்டு கிடையாது. ஆனா கடைக்காரர் வருமானம், ஆட்டோக்காரர் வருமானம், லாட்ஜ் வருமானம் எல்லாம் அந்தக் கூட்டத்தை நம்பித்தான். உடை மாற்றுகிற அறை சரியில்லை, கழிப்பறை சரியில்லைன்னு வெளியூர்க்காரர் ஒருத்தர் சொன்னா, "உனக்கு இங்க ஓட்டே இல்ல, பேசாத"ன்னு விரட்டுவோமா? கேட்போம். கேட்டுவிட்டு முடிவை நாம எடுப்போம். உலக அளவில் 'பார்வையாளர்' என்று சொல்வதும் ஏறக்குறைய இதேதான். பேசலாம், முடிவெடுக்கும்போது கை தூக்க முடியாது.

இது ஏதோ வெளிநாட்டு வழக்கம்னு நினைக்க வேண்டாம். நம்ம அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கு. 88-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒரு மத்திய அமைச்சர் எந்த அவையின் உறுப்பினராக இருந்தாலும் இரண்டு அவையிலும் பேசலாம். அட்டர்னி ஜெனரலும் பேசலாம். ஆனால் அந்தப் பிரிவு மட்டும் யாருக்கும் ஓட்டுரிமை தராது. மாநிலத்துக்கு இதே ஏற்பாடு 177-ஆவது பிரிவில் இருக்கிறது. 1991 ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்தார் இல்லையா, நாட்டின் பொருளாதாரத்தையே வேறு திசைக்குத் திருப்பிய பட்ஜெட்? அன்றைக்கு அவர் மக்களவை உறுப்பினரும் இல்லை, மாநிலங்களவை உறுப்பினரும் இல்லை. அந்த வருஷம் அக்டோபரில்தான் அசாமிலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். அந்த பட்ஜெட் நல்லதா கெட்டதா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஓட்டு இல்லாத ஒரு மனுஷன் பேச்சால் ஒரு நாட்டின் போக்கு மாறியது, அதை மட்டும் இப்போ மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் போவோம். பிரான்ஸ் நாட்டின் கிழக்கு எல்லையில் இருக்கிற ஊர். ஒரு வகையில் நம்ம செங்கோட்டை மாதிரி பார்டர் ஊர்தான். 1949-இல் உருவான ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்ற அவை அங்கேதான் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றம் வேறு, இது வேறு. ரெண்டும் ஒரே ஊரில் கூடுவதால் பத்திரிகைக்காரர்களே குழம்பிப்போகிறார்கள். இந்தக் கவுன்சிலில் இன்றைக்கு 46 நாடுகள் உறுப்பினர். ஆனால் அவைக்குள் போய்ப் பார்த்தால் கனடாக்காரர் உட்கார்ந்திருப்பார், மெக்சிகோக்காரர் உட்கார்ந்திருப்பார். இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு 1957 முதல் அங்கே பார்வையாளர் இடம். கனடாவுக்கு 1997-இல் கொடுத்தார்கள், மெக்சிகோவுக்கு 1999-இல். இஸ்ரேலுக்கு மூன்று பேர், மற்ற இரண்டுக்கும் ஆறு ஆறு பேர். தலைவர் அனுமதித்தால் பேசலாம். ஓட்டு கிடையாது.

இதைவிட சுவாரஸ்யமான கதை 1989-இல் நடந்தது. கிழக்கு ஐரோப்பாவில் பழைய ஆட்சிகள் ஆட்டம் கண்டுகொண்டிருந்த நேரம். அந்த நாடுகளை உடனே உறுப்பினராகச் சேர்க்க முடியாது. ஏன்னா சுதந்திரமான தேர்தல் இன்னும் நடக்கவில்லை. வெளியிலேயே நிறுத்தி வைக்கவும் மனசில்லை. அந்த வருஷம் மே மாதம் 'சிறப்பு விருந்தினர்' என்று ஒரு புதுத் தகுதியை உண்டாக்கினார்கள். ஹங்கேரி, போலந்து, யூகோஸ்லாவியா, சோவியத் யூனியன் நாலுக்கும் கொடுத்தார்கள். ஜூலை 6 அன்று கோர்பச்சேவே அந்த மேடையில் ஏறிப் பேசினார். பெர்லின் சுவர் விழுந்தது அதுக்கப்புறம், நவம்பரில். அடுத்த வருஷம் நவம்பரில் ஹங்கேரி முழு உறுப்பினர். விருந்தாளியா வந்து உட்கார்ந்தவர்கள், அந்த வீட்டு நடைமுறையைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகி, ஒன்றரை வருஷத்தில் வீட்டுக்காரர் ஆனார்கள்.

எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. பெலாரசும் சிறப்பு விருந்தினராக இருந்தது. 1996-இல் அங்கே அதிபர் கையில் அதிகாரத்தைக் குவிக்கும் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 1997 ஜனவரியில் அந்தத் தகுதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்றுவரை அந்த நாடு வெளியேதான். என் கருத்து, இப்படிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கத் தைரியம் இருக்கிற அமைப்பு கொடுக்கிற நாற்காலிக்குத்தான் மதிப்பு.

2009-இல் இன்னொரு வாசல் திறந்தார்கள். 'ஜனநாயகப் பங்காளி' என்று பெயர். ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிற, ஆனால் உறுப்பினர் ஆக வாய்ப்பில்லாத நாடுகளின் நாடாளுமன்றங்களுக்கானது. மொராக்கோ 2011-இல் வந்தது. அதே வருஷம் பாலஸ்தீன தேசிய கவுன்சில் வந்தது. கிர்கிஸ்தான் 2014-இல், ஜோர்டான் 2016-இல். சும்மா கொடுப்பதில்லை. அந்த நாட்டு அவைத்தலைவர் எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுக்கணும். நேர்மையான தேர்தல், பெண்களுக்கு அரசியலில் இடம், மரண தண்டனையை நிறுத்தும் முயற்சி, இதெல்லாம் அந்த உறுதிமொழியில் வரணும். அப்புறம் அவை விவாதித்து ஓட்டெடுப்பு நடத்தும். இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். சில அரசுகள் இந்தத் தகுதியை வாங்கி, கல்யாண வீட்டு வாசலில் பெரிய மனுஷன் போட்டோவை பிளக்ஸில் போடுகிற மாதிரி போட்டுக்கொள்ளும். உள்ளே எதுவும் மாறாது. அதனால் யாருக்கு நாற்காலி கிடைத்தது என்ற செய்தியோடு நிற்காமல், அதில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று தேடிப் பாருங்கள்.

தமிழர்களான நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கு. சைப்ரஸ் 1974 முதல் இரண்டாகப் பிளந்து கிடக்கும் தீவு. வடக்கில் இருக்கும் துருக்கிய சைப்ரஸ் மக்கள் அமைத்த அரசை துருக்கியைத் தவிர எந்த நாடும் ஏற்கவில்லை. ஐரோப்பிய கவுன்சிலும் ஏற்கவில்லை. ஆனா 2004-இல் அந்த நாடாளுமன்ற அவை ஒரு முடிவு எடுத்தது. அந்த அரசை ஏற்காமலேயே, அந்த மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு பேரை அவைக்கு அழைத்துப் பேச வைப்பது என்று. கொடியை ஏற்கிறோமா இல்லையா என்பது வேற சங்கதி, அங்க வாழுற மனுஷங்க சொல்றதைக் கேட்கணும் என்பது வேற சங்கதி என்று பிரித்துப் பார்த்தார்கள். ஜெனிவாவில் மனித உரிமைக் கவுன்சிலில் ஈழத்தமிழர் பிரதிநிதிகள், யாரோ ஒரு தொண்டு நிறுவனத்துக்கு ஒதுக்கிய நேரத்தை வாங்கி ஓரிரு நிமிடம் பேசிவிட்டு இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அரசுகளின் மேடை. நாடாளுமன்றங்களின் மேடைகளில் இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஜெனிவாவைத் தலைமையிடமாகக் கொண்ட நாடாளுமன்றங்களின் உலக ஒன்றியம் 1889-இல் தொடங்கியது. ஐ.நா.வுக்கும் மூத்தது. 180-க்கு மேற்பட்ட நாடுகளின் நாடாளுமன்றங்கள் அதில் உறுப்பினர். அமெரிக்கா இல்லை. உலகத்துக்கெல்லாம் ஜனநாயகம் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்த வாசல்படிக்கு வெளியே நிற்கிறார்கள், பாலஸ்தீனம் உள்ளே இருக்கிறது. 1975 முதல் பார்வையாளராக இருந்து, 2008-இல் முழு உறுப்பினர் ஆனார்கள். ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்துக்கு 'உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடு' என்ற தகுதியைக் கொடுத்தது அதற்கு நாலு வருஷம் கழித்து, 2012 நவம்பர் 29 அன்றுதான்.

சரி, தம்பி கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் நாடாளுமன்றங்கள் 1977-இல் தொடங்கிய ஒரு பேரவை உண்டு. அதில் இந்தியா பார்வையாளர். மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் உறுப்பினர். அதாவது கோலாலம்பூரிலிருந்து வருகிற ஒரு தமிழ் எம்.பி. அங்கே உறுப்பினர் நாற்காலியில் இருப்பார், டெல்லியிலிருந்து போகிற எம்.பி. பார்வையாளர் நாற்காலியில் இருப்பார். சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தமிழில் எழுந்து பேசலாம், மொழிபெயர்ப்பு உண்டு. இதைச் சொல்லும்போது சிரிப்பும் வருது, கொஞ்சம் பெருமையும் வருது.

இன்னொன்று. காமன்வெல்த் நாடாளுமன்றச் சங்கம் 1911-இல் தொடங்கியது. அதில் மாநிலச் சட்டமன்றங்களும் தனிக் கிளைகள். நம்ம தமிழ்நாடு சட்டப்பேரவைக்கும் அதில் கிளை உண்டு. டெல்லியின் வழியாக இல்லாமல், தன் பெயரிலேயே தமிழ்நாடு உட்காரும் ஒரு உலக மேடை அது. எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த மாநாடுகளுக்குப் போய் வருகிற உறுப்பினர், யார் ஆட்சியில் இருந்தாலும் சரி, திரும்பி வந்து தன் தொகுதி மக்கள் முன்னால் அரை மணி நேரம் "இதைப் பேசினேன், இதைக் கேட்டேன்" என்று சொல்லணும். நாம் அதைக் கேட்டு வாங்கணும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் நாடுகளின் கதை. இனி நம்ம தெருக் கதை.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு எல்லையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செங்கோட்டைக்காரர்களின் சட்டமன்றம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவனந்தபுரத்தில் இருந்தது. தென்காசிக்காரர்களின் சட்டமன்றம் சென்னையில். நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. இன்றைக்கு அந்தக் கோடு போய்விட்டது. வேறொரு கோடு வந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத கோடு.

கடையநல்லூரிலோ தென்காசியிலோ ஒரு தெருவில் நின்று, வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க. ரியாத்தில் ஒருத்தர், துபாயில் ஒருத்தர், குவைத்தில் ஒருத்தர். அவங்க இந்தியக் குடிமக்கள். இங்கே வீடு கட்டுறாங்க, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாங்க, தெருவில் தண்ணி வரலைன்னா வாட்ஸ்அப்பில் முதல் ஆளாக் கேட்கிறாங்க. நம்ம கூட்டத்தைக்கூட நேரலையில் பார்த்துக்கிட்டு இருக்கலாம். ஆனால் தேர்தல் அன்றைக்கு அவங்களும் கனடா எம்.பி. ஸ்ட்ராஸ்பர்க்கில் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான், பார்வையாளர். சொந்த ஊரிலேயே!

2010-இல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி 20ஏ பிரிவைச் சேர்த்தார்கள். வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று வந்தது. நல்ல காரியம். ஆனா ஓட்டு போட ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு வாக்குச்சாவடிக்கு நேரில் வரணும். ஜித்தாவில் கூலி வேலை பார்க்கிறவர் முதலாளியிடம் லீவு கேட்டு, டிக்கெட் போட்டு, ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்ப முடியுமா? மாற்று ஆள் மூலம் ஓட்டுப் போட வழி செய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவைக்குப் போய் நிறைவேறுவதற்குள் 2019-இல் மக்களவையின் ஆயுள் முடிந்து மசோதாவும் காலாவதி ஆகிவிட்டது. மாற்று ஆள் முறையில் ஆபத்து இருக்கு என்பதும் எனக்குத் தெரியும். ஒருத்தர் ஓட்டை இன்னொருத்தர் கையில் கொடுப்பது நம்ம ஊர் நிலைமையில் விலை பேசுகிற இடம்வரைக்கும் போகும். தபால் வழியோ, தூதரகத்தில் வாக்குச்சாவடியோ, எது சரி என்று விவாதிக்கலாம். விவாதமே நடக்காமல் கிடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1990 அக்டோபரில் ஜெர்மனி ஒன்றானபோது கிழக்கு ஜெர்மனியில் ஒன்றரைக் கோடிக்கு மேல் மக்கள். அவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றத்துக்கு 18 பேர் பார்வையாளராகப் போனார்கள். ஓட்டு இல்லாமல் 1994 தேர்தல் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காவது ஒரு முடிவு தேதி தெரிந்திருந்தது. நம்ம வளைகுடாப் பிள்ளைகளுக்கு அந்தத் தேதியும் இல்லை. மறுவாழ்வு முகாம்களில் 1983 முதல் வந்து தங்கியிருக்கும் இலங்கைத் தமிழர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகள், அவர்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான்.

இப்போதைக்குக் கையில் இருப்பதைச் செய்வோம். வெளிநாட்டில் இருப்பவர் பெயர் சேர்க்கும் விண்ணப்பம் படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் எந்த ஊர் முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில்தான் பெயர் சேரும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருக்கக் கூடாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம், பாஸ்போர்ட் நகல் வேண்டும். கிளைத் தோழர்கள் அவரவர் தெருவில் வீடு வீடாகப் போய், வெளிநாட்டில் இருப்பவர் எத்தனை பேர், அதில் 6ஏ போட்டவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரியவங்களுக்கு போன் பார்த்து நிரப்பத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து செய்து கொடுங்கள். எந்தக் கட்சி ஆதரவாளர் வீடு என்று பார்க்க வேண்டாம். அந்த நோட்டோடு நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்க்க ஒரு குழு போட்டிருக்கிறோம். மகளிர் அணியிலிருந்து இன்னும் இரண்டு பேர் பெயர் வர வேண்டியிருக்கு. கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்பக்கம் இருக்கும் மேஜையில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்க அக்கா.

#தென்காசி #குற்றாலம் #படிவம்6ஏ