சான்றிதழும் சிலேட்டும்



"பிள்ளைக்குப் படிப்பில் ஆர்வமே இல்லை, நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்கள்." மேடையேறுகிறவர்களிடம் பெற்றோர் வைக்கும் வேண்டுகோள் இது. நாலு வார்த்தையில் ஆர்வம் பிறந்துவிடுமா?

கணித மேதை ராமானுஜனின் கதையைப் பாருங்கள். கும்பகோணம் அரசு கல்லூரியில் 1904-ல் உதவித்தொகையோடு சேர்ந்தார் அவர். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததால் மற்ற பாடங்களில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரி; பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. ஓர் இளைஞனின் மனத்தை மாற்ற இதைவிடப் பெரிய அடி வேண்டுமா? அவர் மாறவில்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் கணக்குப் போட்டார்; முழங்கையால் அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்.

பள்ளி நாளில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் கணித நூல் உபதேசம் செய்யும் நூலல்ல. ஆயிரக்கணக்கான தேற்றங்களின் வெறும் வரிசை. நிரூபணங்கள் பெரும்பாலும் இல்லை. அதனாலேயே தானே போட்டுப் பார்க்க அதில் இடமிருந்தது.

அப்படியானால் மற்றவர்களுக்கு வேலையே இல்லையா?

உண்டு. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியான நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். ராமானுஜனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். ராமானுஜன் அனுப்பிய கடிதத்துக்கு 1913-ல் கேம்பிரிட்ஜிலிருந்து பதில் எழுதிய கணித அறிஞர் ஹார்டி பாராட்டோடு நிற்கவில்லை. நிரூபணங்களை அனுப்பச் சொன்னார். கணித ஆசையை இவர்கள் ஊட்டவில்லை. அது பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஆசையை ஊட்டுவதாக நினைத்துக் குறைத்துவிடுவதும் நடக்கிறது. 1973-ல் வெளியான ஓர் ஆய்வு, ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளி ஒன்றில் நடந்தது. படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள், சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத வேளையில் கவனித்தால், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு இல்லை.

ஆகவே பெற்றோரே, யாரும் சொல்லாமலே உங்கள் பிள்ளைகள் எதில் போய் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். செஸ்ஸாக இருக்கலாம், மிருதங்கமாக இருக்கலாம், பழைய ரேடியோவைப் பிரிப்பதாகவும் இருக்கலாம். வேண்டிய பொருளை வாங்கிக் கொடுத்து, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்தில் இருங்கள். பரிசுக் கோப்பையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.