முள் பொய் சொன்னால்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். இன்ஜினைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள், பெயின்ட்டைப் பற்றி இன்னும் பெருமையாக. பெட்ரோல் மீட்டரைக் கேட்டால் மட்டும் குரல் இறங்கும். "அது வேலை செய்யறதில்ல சார், டேங்க்ல குச்சி விட்டுப் பாத்துக்குவேன்."

அந்த மீட்டரை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள் என்பது என் கட்சி. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

1960-களின் நடுவில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரைப் பாருங்கள். மீட்டர்கள் ஸ்மித்ஸ் நிறுவனத்துடையவை. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய மெல்லிய தகடு, அதைச் சுற்றிக் கம்பி. மின்சாரம் ஓடினால் தகடு சூடேறி வளையும், முள் நகரும். சாவியைத் திருப்பியதும் முள் ஆற அமர ஏறுவது அதனால்தான். பேட்டரியின் வோல்டேஜ் ஏறி இறங்கினால் கணக்குத் தப்பிவிடுமே? அதற்காகவே டாஷ்போர்டுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் என்று ஒரு சின்ன டப்பா. சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் எர்த் துருப்பிடித்து விட்டுப்போனால் முழு வோல்டேஜும் மீட்டருக்குப் போகும், முள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிப் போய் நடுரோட்டில் நிற்பவர் மீட்டரைத் திட்டுவார். சுத்தம் செய்ய வேண்டியதோ அந்த டப்பாவுக்கு எர்த் தரும் ஒரு ஸ்க்ரூவை!

வேகமானி முள் நடுங்கினாலும் அப்படித்தான். முதலில் கேபிளைப் பாருங்கள். கிரீஸ் வற்றியிருக்கும், அல்லது எங்கோ இறுக்கி வளைத்திருப்பார்கள். கிரீஸ் போடும்போது மேல்முனையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அது மீட்டருக்குள் ஏறிவிடும்.

சில வேலைகளில் நாம் கை வைக்கவே கூடாது. தண்ணீரின் சூட்டைக் காட்டும் பழைய மீட்டரில் முடி போன்ற செம்புக்குழாய் இருக்கும், உள்ளே ஈதர். இன்ஜினை இறக்கும்போது இந்தக் குழாயை ஒடிப்பவர்கள் ஏராளம். வெறுமனே பற்றவைத்தால் முள் எழாது, ஈதரை மறுபடி நிரப்ப வேண்டும். அதுவோ சட்டென்று தீப்பற்றும் சரக்கு. தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில மீட்டர்களில் எண்கள் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி எப்போதோ மங்கியிருக்கும். ஆனால் ரேடியத்தின் வீரியம் பாதியாகவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடியைத் திறக்காதீர்கள், அந்தப் பூச்சைச் சுரண்டாதீர்கள்.

கடைசியில் வேகமானியை மாற்றியே தீர வேண்டுமென்றால், ஸ்மித்ஸ் வேகமானியின் முகப்பில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். பல எம்ஜிபி கார்களில் அது 1280. ஒரு மைலுக்குக் கேபிள் அத்தனை சுற்றுச் சுற்றும். இந்த எண் பொருந்தாத மீட்டரை மாட்டினால் வேகமும் தப்பு, மைல் கணக்கும் தப்பு. பழைய மீட்டர் எத்தனை மைலில் நின்றது என்று எழுதி, காரின் காகிதங்களோடு சேர்த்து வையுங்கள். நாளைக்கு வாங்குகிறவர் கேட்பார்.