முச்சையும் மூக்கும்

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும்: என்ன உருவத்தில் கட்டினாலும் நூலைப் பிணைக்கும் முச்சை பிழைத்தால் பட்டம் குத்துக்கரணம்தான். வீட்டில் ரெஜிபோமில் செய்யும் ரிமோட் விமானத்துக்கு அந்த முச்சைதான் ஈர்ப்பு மையம்.

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு தள்ளி, இரு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பாருங்கள். மட்டமாக, அல்லது மூக்கு சற்றே தாழ்ந்து நிற்கவேண்டும். வால் தொங்கினால் பறக்கவிடவே வேண்டாம். பற்றரியை முன்னுக்கு நகர்த்துங்கள். பாரமான பொருள் அதுதானே, ஈயம் தேடி அலையத் தேவையில்லை.

சப்பாத்து ஒட்டும் பசை ரெஜிபோமைக் கரைத்துவிடும். வெள்ளைப் பசை போதும், ஆனால் காயப் பொறுமை வேண்டும்.

ரிமோட் குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் வாலின் மடல் மேலே எழவேண்டும். இதை நிலத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தை மாதத்து வடகீழ்க் காற்று பட்டத்துக்கு வரம்; இந்த மெல்லிய விமானத்துக்கோ எமன். காற்று அடங்கிய விடியற்காலை, அறுவடை முடிந்த வயல்வெளி நல்லது. பலாலிப் பக்கம் மட்டும் வேண்டாம். 2019 முதல் அங்கே சர்வதேச விமானங்கள் இறங்குகின்றன.

காற்றுக்கு எதிராக, மட்டமாக எறியுங்கள். மூக்கைத் தூக்கி எறிந்தால் வேகம் செத்து விழும். உயரம் பிடிக்கும்வரை திருப்பாதீர்கள். திரும்பி உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தெரியும். அப்போது எந்தப் பக்க இறக்கை தாழ்கிறதோ, குச்சியையும் அந்தப் பக்கமே தள்ளுங்கள்.