இன அநீதியும் இளைஞர் நாவலும்



'பிரஜாவுரிமைச் சட்டம், 1948' என்று சரித்திர ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாணவர் அதனை ஏட்டிற் குறித்துக்கொள்கின்றனர். பரீட்சையிற் புள்ளிகளும் கிடைத்துவிடுகின்றன. அம்மாணவரிற் சிலரே இடைவேளையின்போது, மலையிலிருந்து இறங்கி வரும் சகமாணவனைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைப்பதையும் கம்பளையிற் கேட்டிருக்கிறேன். சட்டத்தின் ஆண்டை அறிந்த பிள்ளை, அச்சட்டத்துக்கும் தன் நாவிலுள்ள சொல்லுக்கும் உள்ள உறவை அறியவில்லை. அதனை உணர்த்த வல்லது நாவல் என்பது என் துணிபு.

அமெரிக்கரான மில்ட்ரெட் டெய்லர், 'ரோல் ஒவ் தண்டர், ஹியர் மை க்ரை' என்னும் நாவலை 1976ஆம் ஆண்டில் இளைஞருக்காக வெளியிட்டார். கதை 1933இல், மிசிசிப்பி மாநிலத்தில் நிகழ்கிறது. சொல்பவள் ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி காசி. அவளுடைய ஆறு வயதுத் தம்பிக்குப் பாடசாலையில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. வெள்ளையர் பிள்ளைகள் பல்லாண்டு படித்துக் கழித்த புத்தகம் அது. உள்ளட்டையில் ஓர் அட்டவணை: வழங்கிய ஆண்டு, புத்தகத்தின் நிலை, பெற்றவனின் இனம். நிலை மிகவும் கெட்ட பின்னரே கறுப்பினப் பிள்ளையின் முறை வருகிறது. சிறுவன் புத்தகத்தை வீசி மிதிக்கிறான், அடியும் வாங்குகிறான். புத்தகம் பங்கிடும் தொழிலில் இருக்கும் என்போன்றோரை அந்த அட்டவணை எளிதில் விடுவதில்லை.

நம்மிடமும் நூல்கள் உண்டு. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' தோட்டத் தொழிற்சங்கப் போராட்டத்தைச் சொல்வது. அதன் ஆசிரியர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மறு ஆண்டுச் சட்டம், தந்தையோ முன்னோரோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையிற் பிறந்தவர்கள் பத்திரத்துக்கு எங்கே போவார்கள்? அவரை அனுப்பிய மக்களிற் பெரும்பாலோர் வாக்குரிமையையே இழந்தனர். 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் அம்மக்கள் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனத் தொகைகளாகவே பிரிக்கப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003இலேயே வந்தது.

இரக்கத்தை மட்டும் ஊட்டும் கதைகளை நான் மாணவருக்குச் சிபாரிசு செய்வதில்லை. இரங்குபவன் தன்னை உயரத்திலேயே வைத்துக்கொள்கிறான். டெய்லரின் நாவலில் காசியின் குடும்பத்தார் அநியாயக்காரரின் கடையிற் பொருள் வாங்க மறுக்கின்றனர், அயலாரையும் சேர்த்துக்கொள்கின்றனர். வேலுப்பிள்ளை காட்டும் தொழிலாளியும் கைகட்டி நிற்பவனல்லன். இத்தகைய மாந்தரோடு பழகிய மாணவன், அடுத்த வாங்கில் இருப்பவனைச் சமமாகவே பார்ப்பான்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு யோசனை. நாவலைப் படித்து முடித்ததும் கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். அந்த அட்டவணையை வரைந்தவர் யார், பங்கிட்டவர் யார், பார்த்தும் பேசாதிருந்தவர் யார் என்று கேளுங்கள். காசியின் வகுப்பிற் புத்தகம் பங்கிட்ட ஆசிரியையும் கறுப்பினத்தவரே. அதனை மாணவர் தாமாகக் கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள்.