இரவல் நிலத்தில் எழுந்த நகரம்

வீடு கட்ட நினைப்பவன் முதலில் விசாரிப்பது, நிலம் யாருக்கு உரியது என்பதையே. உறுதி யார் பெயரில் இருக்கின்றது, வழியுரிமை உண்டா என்பவற்றை அறிந்த பின்னரே அவன் அத்திவாரக் கல்லை வைக்கின்றான். இணையத்தில் எழுதியும் வரைந்தும் தமக்கென ஒரு பக்கத்தை அமைத்துக்கொள்வோருக்கும் இவ்விசாரணை வேண்டுமா? வேண்டும் என்பதற்கு ஒரு நகரத்தின் வரலாறே சான்று. எந்தத் தேசப்படத்திலும் காணப்படாத அந்நகரத்தின் பெயர் ஜியோசிட்டிஸ்.

இணையத்திலே பக்கங்களை ஒன்றோடொன்று இணைக்கும் உலகளாவிய வலையை டிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் அறிஞர் 1989 ஆம் ஆண்டில், ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில் உருவாக்க முற்பட்டார். 1993 ஏப்ரல் 30 ஆம் நாள் அந்நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாமென அறிவித்தது. கலை பொதுவுடைமையாயிற்று. ஆனால், பக்கத்தை வைப்பதற்கு எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் இடம் வேண்டும். சாதாரண மக்கள் அதற்கு எங்கே போவார்கள்?

இக்குறையைத் தீர்க்க, 1994 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டேவிட் போனெட், ஜோன் ரெஸ்னர் என்னும் இருவர் முன்வந்தனர். அவர்கள் அமைத்த ஜியோசிட்டிஸ் இலவசமாக இடம் அளித்தது. அதனைப் பேட்டை பேட்டையாகப் பிரித்ததே அவர்களின் தனித்திறமை. திரைப்பட அன்பர்களுக்கு ஹொலிவூட், கணினி ஆர்வலர்களுக்கு சிலிக்கன் வலி, கல்வியும் தத்துவமும் நாடுவோருக்கு ஏதென்ஸ் என்று பேட்டைகள் எழுந்தன. குடியேறிய ஒவ்வொருவருக்கும் பேட்டையின் பெயரோடு கூடிய ஓர் இலக்கம் முகவரியாகக் கிடைத்தது. புதிதாக வந்தவர்களை வரவேற்று உதவுவதற்குத் தொண்டர்களும் இருந்தனர்.

அப்பக்கங்கள் யாவும் அழகானவை என்று சொல்வதற்கில்லை. மினுங்கும் எழுத்துக்களும், விண்மீன்கள் இறைந்த கரும் பின்னணியும், "வேலை நடைபெறுகின்றது" என்னும் அறிவிப்பும் எங்கும் நிறைந்திருந்தன. ஆயினும், அமைத்தவரின் கைரேகை அவற்றில் இருந்தது. பூனை வளர்ப்பவரின் பக்கத்தை முத்திரை சேர்ப்பவரின் பக்கமென்று ஒருவரும் மயங்கியதில்லை. பக்கத்தின் மூலக் குறியீட்டை எவரும் திறந்து பார்க்கலாமாதலால், அயல்முற்றத்துக் கோலத்தைப் பார்த்துத் தன் முற்றத்தில் வேறொரு கோலம் இடுபவளைப் போல, ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றனர். பள்ளிக்கூடம் இல்லாமலே ஒரு கைத்தொழில் பரவியது.

அயலுறவும் அவ்வாறே வளர்ந்தது. வந்து போனவர்கள் விருந்தினர் ஏட்டில் இரண்டு வரி எழுதினர். ஒரே பொருளில் ஈடுபட்டோர் தம் பக்கங்களை வளையமாகக் கோத்தனர். ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சென்றால், சுற்றிவந்து தொடங்கிய இடத்தை அடையலாம். யாருடைய பக்கம் முன்னே நிற்கவேண்டும் என்பதை அவ்வளையத்தில் எந்த இயந்திரமும் தீர்மானிக்கவில்லை. மனிதர் மனிதரைச் சுட்டிக்காட்டினர்.

ஆனால், நிலம் குடியிருந்தோருடையதன்று. 1999 ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் 350 கோடி டாலருக்கும் மேற்பட்ட பெறுமதியுடைய பங்குகளைக் கொடுத்து அந்நகரத்தை வாங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் வெளியான புதிய விதிகள், குடியிருந்தோர் படைத்தவற்றைப் பயன்படுத்தும் விரிந்த உரிமையை நிறுவனத்துக்கு அளித்தன. மக்கள் வெகுண்டனர். சிலர் தம் பக்கங்களின் வண்ணங்களை நீக்கிச் சாம்பல் பூத்தவையாக்கி எதிர்ப்பைக் காட்டினர். சில நாட்களுள் நிறுவனம் அவ்விதிகளைத் திருத்தியது. அயலுறவு இருந்தமையாலேயே அவர்களால் ஒன்றுகூட முடிந்தது.

விதியைத் திருத்துவித்த மக்களால் மூடுவிழாவைத் தடுக்க முடியவில்லை. 2009 ஒக்டோபர் 26 ஆம் நாள் அமெரிக்காவில் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. ஜப்பானியக் கிளை 2019 மார்ச் வரையில் நீடித்தது. ஆவணக் குழு எனப் பெயர்கொண்ட தொண்டர் கூட்டமொன்று, மூடப்படுமுன் இயன்றவரை பக்கங்களைப் பிரதிசெய்து, 2010 இல் பொதுமக்களுக்கு வழங்கியது. மறைந்துபோன தாயைப் பற்றி மகள் எழுதிய பக்கமும், சிறுவன் வரைந்த முதற்படமும் அத்தகைய நகரத்தில் இருக்கக்கூடியவை. அவற்றுள் தப்பியவை தொண்டர்களின் உழைப்பால் தப்பின. எஞ்சியவை போயின.

இதிலிருந்து பெறும் பாடத்தைச் சிலர் செயலாக்கினர். 2011 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கூடிய சுயேச்சை வலை இயக்கத்தினர் ஓர் எளிய நெறியை வளர்த்தனர்: எழுதுவதை முதலில் தமக்குரிய பெயரிலுள்ள தம் பக்கத்தில் வெளியிடுக, அதன் பின்னர் அதன் பிரதியைப் பிறர் மேடைகளில் வைக்க. 2013 இல் கைல் டிரேக் என்பவர் நியோசிட்டிஸ் என்னும் இடத்தைத் தொடங்கி, கையால் பக்கம் அமைக்கும் பழக்கத்துக்கு மீண்டும் உயிரூட்டினார்.

தனக்கென ஒரு பெயரைப் பதிவதற்கு ஆண்டுதோறும் பணம் வேண்டும். பழுது பார்க்க நேரமும் வேண்டும். எல்லோருக்கும் இவை வாய்க்குமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பதிந்த பெயரும் ஒருவகைக் குத்தகையே என்பதும் மெய். ஆனால், பெயர் தன்னிடம் இருக்கும்வரை, இடம் தந்தவர் கதவடைத்தால் வேறிடத்துக்குக் குடிபெயரலாம். பழைய முகவரியைத் தேடி வருவோர் புதிய வாசலுக்கே வந்துசேர்வர். பெயர் வாங்க இயலாதவரும் தம் படைப்பின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருக்கலாம். அதற்குப் பணம் பெரிதும் வேண்டியதில்லை, பழக்கமே வேண்டும்.

இவை இரண்டோடு மூன்றாவதொன்றும் உண்டு. தனித்த வீடு ஊராகாது. தன் பக்கத்தை அமைத்தவர், தாம் மதிக்கும் பத்துப் பேரின் பக்கங்களுக்கு அங்கிருந்து வழிகாட்டினால், அதுவே ஒரு தெருவின் தொடக்கம். ஜியோசிட்டிஸ் மக்கள் தெருவை அமைக்க நன்கு அறிந்திருந்தனர். அவர்களிடம் இல்லாதது உறுதி ஒன்றே. இன்று பக்கம் அமைக்கத் தொடங்குவோர் இரண்டையும் பெற முடியும்.