விலகும் நாளிலும் நிமிர்ந்த தலை
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வேலை தேடுவது எப்படி, தேர்வு எழுதுவது எப்படி, நேர்முகத்தில் பேசுவது எப்படி என்று இம்மேடையில் அறிஞர் பலர் உரையாற்றியிருக்கின்றனர். வேலையை விட்டு விலகுவது எப்படி என்று இதுவரை எவரும் பேசியதில்லை. ஆனால் மாலை வகுப்பு முடிந்தபின் நம் பிள்ளைகள் தனியே வந்து கேட்பது பெரும்பாலும் அதைத்தான். "ஐயா, ராஜிநாமாக் கடிதம் கொடுத்த நாளிலிருந்து முதலாளி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எடுத்ததற்கெல்லாம் குற்றம் காண்கிறார். இன்னும் இருபது நாள் இருக்கிறது. நாளையே நின்றுவிடலாமா?" இக்கேள்விக்கு விடை கூறுவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். நம் பாட்டனார் காலத்தில் விலகல் கடிதம் என்ற ஒன்று இருந்ததா? பண்ணையாளாக இருந்தவர் வாங்கிய கடன் அவர் காலத்தோடு முடிவதில்லை. மகன் தலையிலும் அது ஏறும். பண்ணையை விட்டு நீங்க நினைத்தவர் இரவோடு இரவாகக் குடும்பத்துடன் ஊரை விட்டே போக வேண்டும். அப்படிப் போனவரை 'விலகியவர்' என்று எவரும் சொல்லவில்லை. 'ஓடிப்போனவன்' என்றுதான் சொன்னார்கள். 1952ஆம் ஆண்டு தஞ்சை மாவட்டத்திற்கெனப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. நம் குடும்பங்களில் பலவற்றில், ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'இன்ன நாள் முதல் என்னைப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டுகிறேன்' என்று எழுதிக் கையொப்பமிடும் முதல் தலைமுறை நாமே. இது சிறிய உரிமையன்று. ஆதலின் இதனைச் செம்மையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியது நம் கடமை.

இனி, நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறுவோம். 1996ஆம் ஆண்டு. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறாண்டுகள் பணிபுரிந்திருந்தோம். நம் தெருவைச் சேர்ந்த நண்பர் ஒருவரும் அங்கேயே இருப்புப் பதிவேடு எழுதி வந்தார். இருவருக்கும் வேறோரிடத்தில் நல்ல வேலை கிடைத்தது. நியமன ஆணையில் கண்டபடி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, ஒரே வாரத்தில் இருவரும் விலகல் கடிதம் தந்தோம்.

மறுநாளே நிலைமை மாறியது. நம் மேசை சன்னலோரத்திலிருந்து கிடங்கு வாயிலுக்கு மாற்றப்பட்டது. பீரோவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள்ளிருந்த பேரேட்டை மட்டும் மணிக்கொரு முறை கேட்டார்கள். ஐந்து நிமிடத் தாமதத்திற்கு அரைநாள் விடுப்புக் குறித்தார்கள். தேநீர் கொண்டுவரும் சிறுவன் நம் மேசையை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவனுக்கு அப்படிச் சொல்லப்பட்டிருந்தது. குண்டூசிப் பெட்டிக்கும் ரப்பர் முத்திரைக்கும்கூடக் கணக்குக் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் மாலை, எல்லோரும் வீட்டுக்குப் புறப்படும் வேளையில், மேலாளர் நம் இருவரின் பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னார். பையில் இருந்தவை சோற்றுப் பாத்திரமும் ஒரு துண்டும்தான்.

நமக்குப் பொறுக்கவில்லை. பையை மேசைமேல் கவிழ்த்தோம், வாயில் வந்ததைப் பேசினோம், வெளியேறினோம். மறுநாள் போகவில்லை. நண்பரும் அதே அவமானத்தைத்தான் பட்டார். ஆயினும் அவர் பையைத் திறந்து காட்டிவிட்டு, "எல்லோர் பையையும் பார்ப்பதாயின் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஐயா. என் பையை மட்டும் பார்ப்பதற்குக் காரணத்தை எழுத்தில் தாருங்கள்" என்று அமைதியாகக் கேட்டார். எழுதித் தர எவரும் முன்வரவில்லை. அன்றிரவு நாளையும் நேரத்தையும் உடனிருந்தோர் பெயரையும் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதன்பின் அவர் பையை எவரும் தொடவில்லை.

முடிவு என்னவாயிற்று? முப்பதாம் நாள் அவர் பதிவேடுகளை ஒப்படைத்து, விடுவிப்பு ஆணையும் பணிச் சான்றும் பெற்றுக்கொண்டு நடந்து வெளியே வந்தார். நமக்கோ, எஞ்சிய நாட்களுக்கு ஈடாக ஊதியம் பிடிக்கப்பட்டது. விடுவிப்பு ஆணை இல்லாமையால் புதிய இடத்தில் நம் ஆறாண்டு அனுபவம் கணக்கில் ஏறவில்லை. கடைநிலை ஊதியத்தில்தான் தொடங்க வேண்டியதாயிற்று. சட்டப்படி நமக்குச் சேர வேண்டிய பணிக்கொடைக்காகத் தொழிலாளர் துறை அலுவலகத்தின் படிகளை ஓராண்டுக்கு மேல் ஏறி இறங்கினோம். அந்த ஒரு மாலையின் கோபத்திற்கு நாம் கொடுத்த விலை அது. கோபம் நியாயமானதே, ஆனால் அதன் விலையை மேலாளர் கொடுக்கவில்லை, நாம்தான் கொடுத்தோம்.

தோழர்களே, இத்தகைய சிறுமைகள் ஏன் நிகழ்கின்றன? முதலாளிமார் அனைவரும் இப்படி என்று கூறுவது நேர்மையாகாது. நல்வாழ்த்துக் கூறி அனுப்புவோரும் உண்டு. ஆயினும் சிலருக்கு, தம்மிடம் கைகட்டி நின்றவர் தாமாகவே போவது ஒரு தோல்வியாகத் தோன்றுகிறது. 'ஓடிப்போனவன்' என்ற பழைய சொல்லின் கோபம் அங்கே மிச்சமிருக்கிறது. வேறு சிலருக்கு அது கணக்கு. நாம் சினந்து இடையில் நின்றுவிட்டால் அவர்களுக்கு ஊதியம் மிச்சம். குறை சொல்லவும் ஒரு காரணம் கிடைக்கும். ஆகவே நம் பொறுமையை அடிமைத்தனம் என்று எண்ண வேண்டா. அது நம் பொருளை நாமே காத்துக்கொள்ளும் வழி.

இதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வினும் சிறந்த சான்று வேண்டுமா? 1917ஆம் ஆண்டு பரோடா அரசுப் பணியில் ஏவலர்கள் அவர் மேசைமேல் கோப்புகளைத் தொலைவில் நின்று வீசினர். தங்குவதற்கு இடமின்றி அவ்வூரை விட்டே நீங்கினார். அது பலர் அறிந்த வரலாறு. அவர் ஒன்றிய அமைச்சர் பதவியை விட்ட வரலாற்றைப் பலர் அறியார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட நிலையில், 1951 செப்டம்பர் 27 அன்று பிரதமருக்கு விலகல் கடிதம் அனுப்பினார். ஆயினும் தம் பொறுப்பில் இருந்த பிற மசோதாக்களை நடுவில் போட்டுவிட்டுப் போகாமல், கூட்டத்தொடர் முடியும் வரை பணியாற்ற இசைந்தார். அக்டோபர் 11 அன்று, விலகலுக்கான காரணத்தை அவையில் கூற முற்பட்டபோது, மாலையில்தான் பேசலாம் என்றும், உரையின் படியை முன்னதாகவே தர வேண்டும் என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. அதனைத் தணிக்கை எனக் கருதிய அவர், உடன்படாமல் அவையை விட்டு வெளியேறி, தம் அறிக்கையைச் செய்தித்தாள்களுக்கு அளித்தார்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. கடமையை முடித்தார், காரணத்தை எழுத்தில் வைத்தார், தன்மானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முன்னறிவிப்பு நாட்களுக்கு இம்மூன்றும் போதும்.

இனி, இளைஞர்கள் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

விலகல் கடிதம் கொடுக்கும் முன் நியமன ஆணையைப் படியுங்கள். முன்னறிவிப்பு எத்தனை நாள், அதற்கு ஈடாக ஊதியம் கட்டி விலக இடமுண்டா என்பன அதில் இருக்கும். கடிதத்தின் படியில் நாளிட்டு ஒப்புகைக் கையொப்பம் பெறுங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சல் இருப்பின் அதிலும் அனுப்புங்கள்.

அந்த நாட்களில் ஒருமுறைகூடத் தாமதமாகச் செல்லாதீர்கள். பணியை ஒப்படைக்கும்போது கோப்பு, சாவி, அடையாள அட்டை, கருவி என ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, பெற்றுக்கொள்பவரிடம் கையொப்பம் வாங்குங்கள். தேநீர் தராதது, முகம் திருப்பிக்கொள்வது, மேசையை மாற்றுவது ஆகியவற்றுக்கு விடை சொல்ல வேண்டா. ஒரு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள், அதுவே போதும். உடன் பணிபுரிவோரிடம் நிறுவனத்தைப் பழித்துப் பேசாதீர்கள். அச்சொல் அன்று மாலையே மேலே போய்ச் சேரும். வெற்றுத்தாளிலோ, 'எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை' என்னும் தாளிலோ, பணம் கைக்கு வருமுன் கையொப்பமிடாதீர்கள்.

உரிமையைக் கேட்க அளவு தெரிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. விலகியவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். பொதுவாக ஐந்தாண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கணக்கில் கொள்ளும் மாத ஊதியம் 13,000 ரூபாய் எனில், அதை 26ஆல் வகுக்க 500. அதனை 15ஆல் பெருக்க 7,500. ஆறாண்டுக்கு 45,000 ரூபாய். இதனை 30 நாட்களுக்குள் தர வேண்டும். வருங்கால வைப்பு நிதியின் 12 இலக்கக் கணக்கு எண் உங்களுடையது. நிறுவனம் மாறினாலும் அது மாறாது. அவசரப்பட்டு அப்பணத்தை எடுத்துவிடாமல் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். இடையில் முறித்தால் அந்த எண்ணிக்கை வீணாகும்.

ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். பொறுத்துக்கொள்க என்று நாம் சொன்னது சிறுமைகளைத்தான். பிறர் காணவும் கேட்கவும் சாதிப் பெயர் சொல்லி இழித்துரைத்தால், அது சிறுமையன்று, குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியே அதனைப் புலனாய்வு செய்ய வேண்டும். அங்கே பொறுமை வேண்டா. அப்போதும் கையை ஓங்காதீர்கள். நாள், நேரம், இடம், சொன்ன சொல், கேட்டோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதிப் புகார் கொடுங்கள்.

நிறைவாகக் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மற்றவர் வீடுகளில் இவற்றைச் சொல்லிக்கொடுக்க அலுவலகம் கண்ட தந்தையோ மாமனோ இருப்பார்கள். நம் வீடுகள் பலவற்றில் அப்படி எவரும் இல்லை. 1996இல் நமக்கும் இல்லை. அன்று மாலை, "பொறு தம்பி, இன்னும் இருபத்தொரு நாள்தான்" என்று தோளைத் தொட்டுச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும். வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தரும் நம் கழகம், இனி விலகல் கடிதம் எழுதவும் துணை நிற்க வேண்டும். ஞாயிறுதோறும் நூலகத்தில் இரு பெரியவர்கள் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் இது நடக்கும். அவர்களுள் ஒருவராக இருக்க நாம் அணியமாக இருக்கிறோம். மற்றவர், அன்று முப்பதாம் நாள் வரை பொறுத்திருந்த அந்த நண்பரே. இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

இரவில் ஓடிப்போன பாட்டனாரின் பேரன், பகலில், கையில் சான்றிதழுடன், வாயில் வழியே வெளியே வரட்டும்.